காலிதீன் மாஸ்டர் முதுகில் ஏறிய பேக்

கல்முனைக்குடியில் 'பேக் மாஸ்டர்' வீடு எது என்று கேட்டால், பெட்டிக்கடைக்காரர் முதல் பள்ளிவாசல் மோதினார் வரை வழி காட்டுவார்கள். காலிதீன் என்ற சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், எந்தக் காலிதீன் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்தது 1981 மார்ச் மாதத்தில், மூன்றே மூன்று சனிக்கிழமைகளுக்குள். அதற்கு முந்திய நாற்பத்தாறு வருடங்களில் அவரைப் பற்றி ஊர் கதைத்ததே இல்லை.

அவர் புவியியல் படிப்பித்தார். அந்தப் பாடத்துக்குக் கல்முனைக் கரை தோதான இடமில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டும் தட்டை. ஏறக்கூடிய உயரத்தில் ஊரில் இருந்தவை தென்னை மரமும் தண்ணீர்த் தாங்கியும் பள்ளிவாசல் மினாராவும்தான். அப்படிப்பட்ட இடத்தில் இருபது வருடமாகக் கரும்பலகையில், சிவனொளிபாதம் என்றும் சொல்லும் பாவா ஆதம் மலையைக் கீறி, பக்கத்தில் 7,360 அடி என்று எழுதி வந்தார். ஒரு நாள் எட்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை எழும்பி, சேர், நீங்கள் அதில் ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டாள். காலிதீன் மலையை அழித்துவிட்டு, அன்றைய மிச்சப் பாடத்தை மாரி மழைக்கு மாற்றினார். ஆனால் அன்று முதல் அவருக்கு ஒரே ஒரு ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. சாவதற்கு முன் ஒரு தடவை, தன் சாமான்களைத் தானே சுமந்து, அந்த மலையில் ஏறிவிட வேண்டும்.

ஆசிரியர் பயிற்சி வகுப்பொன்றில் அவரையும் சேர்த்து நான்கு பேர் ஏப்ரல் விடுமுறைக்கு நாள் குறித்தார்கள். ஒருவருக்குப் பெண்சாதி பிள்ளை பெறும் மாதம். இன்னொருவருக்கு முழங்கால். மூன்றாமவர் காரணம் சொல்லவில்லை, காலிதீனைக் கண்டால் சைக்கிளை வேறு ஒழுங்கைக்குள் திருப்பினார். மிஞ்சிய ஒருவர் தனியே போவதென்று தீர்மானித்தார்.

தீர்மானித்தவுடன் பேக் தேடும் படலம் தொடங்கியது. மலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் பன்புல்லில் இழைத்த பன்பை ஒன்றில் இரண்டு உடுப்பைத் திணித்துக்கொண்டு புறப்படுவார்கள். காலிதீன் பரீட்சைத்தாள் திருத்துகிற மனுசன். பள்ளிக்கூட விஞ்ஞான அறையிலிருந்து, தொங்கவிட்டு எடை பார்க்கும் விற்றராசு ஒன்றை இரவல் வாங்கிவந்து முற்றத்து முருங்கையில் தொங்கவிட்டு, பை பையாக மாட்டிப் பார்த்தார். பன்பைக்குப் புள்ளி இல்லை. அதைத் தூக்க ஒரு கை வேண்டும், மலை ஏறுகிறவனுக்கு இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். அம்பாறைச் சந்தையில் கண்டெடுத்த பழைய பட்டாளத்துப் பை வெறுமையாகவே ஐந்து றாத்தல் காட்டியது. ஒன்றும் போடாமலே களைப்புத் தரும் பை என்று அதையும் தள்ளினார். பெண்சாதியின் கூடப்பிறந்த நானா றஸாக், ஊரில் துணிக்கடை வைத்திருப்பவர், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் உள்ளவர். நல்லதொரு சூட்கேஸ் கொண்டு போனால் மரியாதையாக இருக்குமே என்றார் அவர். மலையில் யாருக்கு மரியாதை காட்டுவது என்று காலிதீன் கேட்கவில்லை. மச்சானிடம் கேட்கக்கூடாத கேள்விகள் சில இருக்கின்றன.

கடைசியில் பேக் பொத்துவிலிலிருந்து வந்தது. அறுகங்குடாப் பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஜெமீல் அவருக்குச் சாச்சாவின் மகன். அலையில் பலகை ஓட்ட வந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குத் திரும்பும்போது, இரண்டு மருதமுனைச் சாரனுக்குப் பதிலாக ஜெமீலிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நல்ல தோடம்பழ நிறம், பளிச்சென்ற செம்மஞ்சள். நடுக்கடலில் மிதந்தாலும் கரையிலிருந்து தெரியும். அலுமினியச் சட்டம், ஒன்பது பட்டி, பக்கத்துக்கு இரண்டு சிறு பை, எதற்கென்று விளங்காத இரண்டு வளையம். விற்றராசு மூன்றரை றாத்தல் காட்டியது. காலிதீன் அதற்கு மனதுக்குள் தொண்ணூறு புள்ளி போட்டார். வெள்ளைக்காரன் எவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு ஜெமீல் கடையின் கதவு நிலையைக் காட்டி, குனிந்துதான் உள்ளே வருவான் என்றான். காலிதீன் ஐந்தடி மூன்று அங்குலம். அந்தக் கடைக்குள் துள்ளிக்கொண்டே நுழையலாம்.

பேக்கின் அடிப்பையில் மடித்த தாள் ஒன்று கிடந்தது. மொழி விளங்கவில்லை, படம் விளங்கியது. குனிந்தால் பிடரியில் புடைக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்புவரை அளக்க வேண்டும். அந்த நீளம்தான் பேக்கின் அளவு. ஆள் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறகு பாரம் போட்டு, பயணத்துக்கு முன்னமே பல நாள் நடந்து பழக வேண்டும். காலிதீன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்து நின்றார். பெண்சாதி ஸாலிஹா தையல் நாடாவோடு பின்னால் நின்றாள்.

"பதினாறர," என்றாள். "சட்டைக்கு அளவெடுக்கக்குள்ள ஒரு நாளும் இவ்வளவு நேரம் நிண்டதில்ல."

"இந்த பேக் இருவதுக்கு."

"இதுக்குள்ள என்னயும் வெச்சித் தூக்கிட்டுப் போகலாம் போல இரிக்கி."

மூன்றரை அங்குலத்துக்காக மலையை விட முடியாது என்று நினைத்தார் காலிதீன். முதல் சனிக்கிழமை விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு வந்து பேக்கை நிரப்பினார். பாரத்துக்கு அரிசி. அறுவடை முடிந்து வீட்டில் நிறைய இருந்தது, சத்தமும் போடாது. இருபது றாத்தல் அரிசி, மாற்று உடுப்பு, துவாய், கேத்தல், குடை. தெருவில் நாய்த் தொல்லை என்று கடற்கரை வழியாக வடக்கே நடந்தார். மூன்று மைலில் மருதமுனை, அவர் பிறந்த ஊர். அங்கே கூடப்பிறந்த ராத்தா வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

பாண்டிருப்புக்கு வருமுன்னரே திட்டம் நொண்டத் தொடங்கியது. வெள்ளைக்காரனின் இடுப்பில் நின்ற பட்டி காலிதீனின் தொடையில் நின்று ஒவ்வொரு எட்டுக்கும் உதைத்தது. பாரம் முழுவதும் தோளில் தொங்கியது. ராத்தா வீட்டுப் படலையைத் திறந்தபோது இரண்டு தோளிலும் தோல் இல்லை. ராத்தா அழுதுகொண்டே தேங்காயெண்ணெய் பூசினார். அழுகை அடங்கியதும் பேக்கைத் திறந்து அரிசியைக் கண்டார். தம்பி எனக்குச் சுமந்து வந்த அரிசி என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கச் சொல்லி, அதைக் குசினிக்குள் கொண்டுபோனார். அது பாரத்துக்குப் போட்ட அரிசி என்று சொல்லும் நெஞ்சுரம் காலிதீனுக்கு இல்லை. தோள் கெட்ட கேட்டில் பேக்கை அங்கேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்.

இந்தக் கரையில் ஆண்பிள்ளை வீடு கட்டுவான், ஆனால் தான் கட்டிய வீட்டில் குடியிருக்க மாட்டான். தங்கச்சிக்குக் கட்டுவான், பிறகு மகளுக்குக் கட்டுவான். குடியிருப்பதோ பெண்சாதியின் வீட்டில். கலியாணத்தன்று ஒரு பெட்டியோடு வருவான். மனம் முறிந்தால் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டுக்கோ ராத்தா வீட்டுக்கோ போவான். இந்த இரண்டு அலுவலைத் தவிர, ஒரு குடும்பஸ்தன் விடியற்காலையில் பெருஞ்சுமையோடு பெண்சாதி வீட்டுப் படியிறங்கியதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

அன்று கரைவலை இழுத்த நாற்பது பேர், காலிதீன் மாஸ்டர் உடுப்பும் கேத்தலும் அரிசியுமாக ராத்தா வீட்டுப் பக்கம் போவதைக் கண்டார்கள். பஸ்ஸில் இருந்த முப்பது பேர், அவர் முகம் வாடி, வெறுங்கையோடு திரும்பி வருவதைக் கண்டார்கள். இரண்டும் உண்மை. ஊர் செய்ததெல்லாம் இரண்டையும் கூட்டி விடை எடுத்தது மட்டுமே. சாமானை ராத்தா வீட்டில் சேர்த்துவிட்டார், பிள்ளைகளைப் பார்க்கத்தான் வந்துபோகிறார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் அதிபர் காலிதீனுக்குக் கடைசிப் பாடவேளையை ஓய்வாக்கிக் கொடுத்தார். தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால் கதை நின்றது, கேட்காமலே சீனி கூடப் போட்ட தேத்தண்ணி வந்தது. தெருவில் அதிகம் பழக்கமில்லாத ஒருவர் சைக்கிளை நிறுத்தி, அல்லாஹ் லேசாக்குவான் மாஸ்டர் என்றார். காலிதீன் நெகிழ்ந்துபோனார். மலை ஏறப் போகிறவனை ஊர் இவ்வளவு மதிக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை பன்பையில் புது அரிசியோடு பஸ்ஸில் மருதமுனைக்குப் போனார். அங்கே பேக்கை நிரப்பி, முதுகில் ஏற்றி, இம்முறை தெற்கே நடந்தார். பாண்டிருப்பு அரிசி ஆலைக்கு முன்னால் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். சின்னப்போடி, ஆலையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. வருடம் தவறாமல் காட்டு வழியே கதிர்காமத்துக்கு நடக்கிறவர். காலிதீனின் நடையைப் பார்த்தே அவருக்குத் தோள் வலித்திருக்க வேண்டும்.

"என்ன மாஸ்டர், தோளறுந்து விழுந்தாத்தான் எறக்குவீங்களோ?"

காலிதீன் தாளை எடுத்துக் காட்டினார். சின்னப்போடி அதைப் பார்க்கவில்லை. பேக்கை இறக்கிச் சட்டத்தை இரண்டு பக்கமும் புரட்டினார்.

"பொம்புளயள் புள்ளயத் தூக்கிட்டு மைல் கணக்கா நடக்காளுகளே, எங்க வெச்சித் தூக்குறாளுகள்? தோளிலயா?"

"இடுப்புல."

"பொறகென்ன? தோள் சும்மா புடிக்கத்தான். செமக்கிற வேல இடுப்புட வேல."

அதன் பிறகு நடந்ததைக் காலிதீன் வகுப்பில் பாடம் போலப் பல வருடம் சொல்லிவந்தார். தோள்பட்டிகளைப் பிடித்திருந்த ஆணிகளைக் கழற்றிச் சட்டத்தில் நாலங்குலம் கீழுள்ள ஓட்டைக்கு மாற்றினார் சின்னப்போடி. இடுப்புப் பட்டியை மூட்டை கட்டும் சணலால் சட்டத்தில் மேலே ஏற்றி இறுக்கினார். அடியில் கிடந்த அரிசியை எடுத்து உடுப்பைக் கீழே போட்டு, அரிசியை முதுகோடு ஒட்டி மேலே வைத்தார். பிறகு முதலில் இடுப்புப் பட்டியைப் பூட்டச் சொன்னார், தோள்பட்டியைக் கடைசியாக, ஒரு விரல் நுழையும் அளவுக்கு. சட்டத்தின் மேல்முனை இப்போது காலிதீனின் தலைக்கு மேல் ஒரு சாண் துருத்திக்கொண்டு நின்றது. பார்ப்பதற்கு ஏணியைத் திருடிக்கொண்டு போகிறவர் மாதிரி இருந்தார். ஆனால் இருபது றாத்தல் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டெட்டு வைத்தார், பத்தெட்டு வைத்தார். தோளைக் குலுக்கிப் பார்த்தார், வலி இல்லை. சந்தோசத்தில் தெற்கே போக வேண்டியவர் திரும்பி மறுபடியும் மருதமுனைக்கே நடந்தார்.

ராத்தா அந்த அரிசியையும் உள்ளே கொண்டுபோனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பேக்கோடு வீடு திரும்பினார். சமாதானமாகிவிட்டது என்று ஊர் ஆறுதல் அடைந்தது. மூன்றாம் சனிக்கிழமை இருபத்தைந்து றாத்தலோடு மறுபடி ராத்தா வீட்டுக்குப் படியிறங்கினார். திரும்பவும் முறிந்துவிட்டது என்றது ஊர். இதில் ஊரை அதிகம் புண்படுத்தியது அவருடைய முகம். பேக் பொருந்திய நாளிலிருந்து அவர் சிரித்துக்கொண்டே நடந்தார். பிள்ளை குட்டியை விட்டுப் போகிற மனுசனுக்கு இவ்வளவு சிரிப்பா என்று கரைவலைக்காரர்கள் கேட்டார்கள்.

இதெல்லாம் காலிதீன் வீட்டுக்குத் தெரியவந்தது ஒரு புதன்கிழமை. மூத்த மகள் நபீஸாவுக்கு நிந்தவூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞர், நல்ல பொடியன், நபீஸாவுக்கும் விருப்பம். மாப்பிள்ளையின் தாய் சபியா உம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து வார்த்தை கொடுப்பதாக இருந்தது. புதன் பகல், ஞாயிறு வரவில்லை என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பினார். வேறு நாள் குறிக்கவும் இல்லை. நாள் குறிக்காமல் வராமல் விடுவதற்கு என்ன பொருள் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நபீஸா பகல் சோறு வேண்டாம் என்று அறைக்குள் போனாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் றஸாக் வந்துவிட்டார். அவர் தொப்பி இல்லாமல் தெருவில் இறங்கிய முதல் நாள் அது.

"மச்சான், ஒண்ட மட்டும் சொல்லுங்க. எங்கட ஊட்டுல உங்களுக்கு என்ன கொற வெச்ச நாங்க?"

"கொறயா? நான் நடந்து பழகிறன் றஸாக்."

"நாப்பத்தாறு வயசுல?"

ஊர் என்ன கதைக்கிறது என்பதை றஸாக் ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். நிந்தவூர் வரை போயிருக்கிறது. தகப்பனே தங்காத வீட்டுக்கு மகனை எப்படி அனுப்புவது என்று சபியா உம்மா கேட்டாராம். காலிதீன் அப்போதுதான் அதிபரின் ஓய்வு வேளையையும் சீனி கூடிய தேத்தண்ணியையும் சரியான கணக்கில் வைத்துப் பார்த்தார். அடுத்த அறையில் நபீஸா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பேக் கட்டிலில் கிடந்தது. தொண்ணூறு புள்ளி வாங்கிய பேக்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு குடித் தலைவர்களான மரைக்காயர்மார் இருவர் வீட்டு மண்டபத்தில் பாயில் அமர்ந்தார்கள். ஸாலிஹாவின் தாய்வழிக் குடிக்கு ஒருவர், காலிதீனின் குடிக்கு மருதமுனையிலிருந்து ஒருவர். ஒரு குடும்பம் முறிந்தால் ஒட்டவைப்பது அவர்கள் பொறுப்பு. ஒட்டவைக்க வந்தவர்களிடம், எதுவும் முறியவில்லை என்று நிரூபிக்கும் வேலை காலிதீனுக்கு. அவர் ஆயத்தமாகத்தான் இருந்தார். விற்றராசை வைத்தார். தாளை விரித்தார். பேக்கைப் போட்டுக்காட்டினார். பாண்டிருப்பிலிருந்து சின்னப்போடியையும் சாட்சிக்கு அழைத்திருந்தார்.

மருதமுனை மரைக்காயர் தாளைக் கண்ணுக்குக் கிட்ட பிடித்து வெகுநேரம் ஆராய்ந்தார்.

"இதுல இரிக்கிற ஆளும் தனியத்தானே போறான்," என்றார். "பெஞ்சாதியக் காணல்ல."

பிறகு சின்னப்போடியை விசாரித்தார்கள். மாஸ்டர் மலைக்குத்தான் போகிறார் என்று அவர் அடித்துச் சொன்னார். ஆலைக்கு முன்னால் நின்ற அவ்வளவு நேரத்தில் மாஸ்டர் தன் பெண்சாதியைப் பற்றி ஒரு வார்த்தையாவது கதைத்தாரா என்று கேட்டார்கள். நேர்மையான மனுசன் சின்னப்போடி. யோசித்துப் பார்த்து, இல்லை என்றார். மரைக்காயர்மார் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். நடப்பதற்குப் பழகுவதா, கால் முளைத்த நாளிலிருந்து நடக்கிறோமே என்று மற்றவர் மெதுவாகக் கேட்டார். மூன்று தடவை அரிசி ராத்தா வீட்டுக்குப் போனது உண்மையா? உண்மை. திருப்பிக் கேட்டாரா? கேட்கவில்லை. காலிதீனின் உண்மை நீளமாக இருந்தது. ஊரின் விளக்கம் ஒரு வரியில் இருந்தது. அந்தி மஃரிபுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அறை வாசல் சீலைக்குப் பின்னாலிருந்து ஸாலிஹா அவரை அழைத்தாள்.

"கொற ஒண்டு சொல்லிருங்க," என்றாள் அடங்கிய குரலில். "சண்ட ஒண்டு இரிந்தாத்தானே அவங்க சமாதானம் வெக்கலாம். இல்லாத சண்டய எப்பிடித் தீக்கிற? புள்ளட காரியம் நிக்கிது."

"இல்லாத கொறய எப்பிடிப் புள்ள சொல்ற?"

"இருவத்திரெண்டு வருசம் ஒரு ஊட்டுல இரிந்த மனுசனுக்கு ஒரு கொறயும் இல்லயெண்டா ஆரு நம்புவா? யோசிங்க."

காலிதீன் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார். பேக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். எல்லாரும் காத்திருந்தார்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசனுக்கு, அவசரத்தில் கண்முன் இருந்ததுதான் வாயில் வந்தது.

"இந்த ஊட்டுல எனக்கெண்டு ஒரு கொளுக்கி இல்ல."

சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று அவருக்கே தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாக அவருடைய சட்டை யன்னல் கம்பியில் தொங்கியது. மழை வந்தால் கதவு மூலைக்குப் போகும். இந்த பேக்கும் மூன்று வாரத்தில் கட்டிலிலிருந்து கட்டிலுக்குக் கீழேயும், அங்கிருந்து நெல் அறைக்கும், திரும்பக் கட்டிலுக்கும் போய்வந்துவிட்டது. சீலைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. றஸாக் தலையைக் குனிந்துகொண்டார்.

மரைக்காயர்மாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு வழியாகக் கையில் பிடிக்கக்கூடிய குறை. இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு முடிந்தது. நாளைக்கே மண்டபச் சுவரில் இந்த வீட்டு மாப்பிள்ளை காலிதீனுக்குக் கொளுக்கி அடித்துக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை இனி அந்த பேக்கோடு தனியே இந்தப் படியிறங்கக் கூடாது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து றஸாக்கும் காலிதீனும் மரைக்காயர்மாரோடு சஹன் என்கிற ஒரே பெருந்தட்டில் சோறு தின்றார்கள். நடக்காத சண்டை அத்தோடு தீர்ந்தது. சின்னப்போடிக்கும் வெற்றிலைத் தட்டம் வந்தது. நீங்கள் எடுத்துச் சொன்னதால்தான் இவ்வளவு சுளுவாக முடிந்தது என்று மரைக்காயர் அவருக்கு நன்றி சொன்னார்.

ஆட்கள் போனதும் ஸாலிஹா கேட்டாள்.

"அத ஏன் முன்னமே சொல்லல்ல?"

"எனக்கே அப்பதான் தெரியும்."

றஸாக் மறுநாள் காலையிலேயே தச்சனைக் கூட்டி வந்தார். சும்மா ஆணியில்லை, பித்தளைக் கொளுக்கி, வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில். மூன்று மாதத்தில் வீடு நபீஸாவின் பேருக்குச் சீதனமாகப் போனபோது கொளுக்கியும் சுவரோடு போய்விட்டது, அதில் மருமகனின் சட்டை தொங்கியது. அது பிந்திய கதை.

அதற்கு முன், சபியா உம்மா அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். பாயில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய தோடம்பழ நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோவிச்சிப் போன மாப்பிள்ளய மரைக்காயர வெச்சிக் கூட்டியாந்து, கொளுக்கியும் அடிச்சிக் குடுத்த ஊடு," என்றார். "எண்ட மகனக் குடுக்க இத விட நல்ல ஊடு எங்க இரிக்கி?"

வார்த்தை கொடுத்து, இனிப்பும் மாற்றிய பிறகு, அவர் ஸாலிஹாவைப் பக்கத்தில் அழைத்து ஒரு புத்தியும் சொன்னார். மாஸ்டர் அரிசியைச் சுமந்து நடந்து பழகினார் என்று முதலில் ஒரு கதை விட்டீர்களாம். அதை மட்டும் வெளியில் சொல்லிக்கொள்ள வேண்டாம். சண்டை எந்தக் குடும்பத்திலும் வரும், அது குறையில்லை. பைத்தியம் பரம்பரையில் இறங்கும்.

காலிதீன் அன்றோடு மலையைக் கைவிட்டார். மகளின் காரியம் கூடிவிட்டது, தீர்ப்பையும் மீற முடியாது. ஸாலிஹா இரண்டு நாள் அவரைப் பார்த்தாள். கொளுக்கிக்கு முன்னால் வந்து வந்து நின்றுவிட்டுப் போகும் மனுசனை எத்தனை நாள்தான் பார்ப்பது.

"தனியத்தானே எறங்கக் கூடாதெண்டாங்க," என்றாள் மூன்றாம் நாள். "நானும் வாறன்."

ஸாலிஹா வந்தால் அவளுடைய இரண்டு தங்கச்சிமாரும் வருவார்கள். அவர்கள் வந்தால் பிள்ளைகள் வரும். பெண்கள் போகும்போது றஸாக் துணைக்கு வராமல் முடியாது. புதுச் சம்பந்தத்தைச் சொல்லாமல் போனால் மரியாதையில்லை என்று நிந்தவூருக்கும் சொல்லியனுப்பினார்கள். சபியா உம்மா தன் பங்குக்கு ஆறு பேரோடு வந்து சேர்ந்தார். ஏப்ரல் விடுமுறையில் ஒரு வாடகை பஸ், முப்பத்தொரு பேர், இரண்டு சோற்றுக் கிடாரம். காலிதீன் பேக்கோடு படியிறங்கியதைத் தெருவே நின்று பார்த்தது. பையோடு தனியே போனால் பிரிவு, பெண்சாதியின் குடியோடு போனால் பயணம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பதுளை, அற்றன், மஸ்கெலியா என்று பஸ் ஏறியது. மலையடியில் சுபஹுக்குப் பிறகு நடக்கத் தொடங்கினார்கள். முதல் வளைவிலேயே காலிதீன் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார். அவர் சுமந்து வந்த எதுவும் தேவையில்லை. ஐம்பது படிக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. ரொட்டி, பிஸ்கட், சுடுதண்ணி, கம்பளித் தொப்பி வரை விற்றார்கள். எண்பது வயதுக் கிழவிகள் ஒரு வெற்றிலைப் பையோடு அவரை முந்திப் போனார்கள்.

இருந்தாலும் பேக் வெறுமையாக இருக்கவில்லை. இரண்டாம் கடையில் சபியா உம்மாவின் வெற்றிலைப் பெட்டி அதற்குள் போனது. மூன்றாம் கடையில் றஸாக்கின் குடையும் சால்வையும். உங்கட பேக்குல இடம் இரிக்கிதானே என்று ஒவ்வொருவராக வந்தார்கள். பன்பைக்காரர்கள் கை மாற்றிக் கை மாற்றிக் களைத்து, கடைசியில் பன்பையோடேயே உள்ளே வைத்தார்கள். உச்சிக்குக் கிட்ட எல்லாரும் செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. அதுவும் வந்தது. பேக்கின் எடை நாற்பது றாத்தலுக்குக் குறையாது என்று காலிதீன் கணக்குப் பார்த்தார். தோளில் வலி இல்லை. சின்னப்போடியின் சணல் ஓர் இழைகூட விலகவில்லை. றஸாக் மூச்சு வாங்க நின்று, தோள் நோகவில்லையா மச்சான் என்று கேட்டார். காலிதீன் உற்சாகமாகி, பிடரி எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளக்கும் முறையைச் சொல்லத் தொடங்கினார். றஸாக் தலையாட்டிக்கொண்டே தன் தண்ணீர்ப் போத்தலையும் பேக்கின் பக்கப்பைக்குள் செருகினார்.

நடுப்பகல் லுஹர் நேரத்துக்கு உச்சிக்கு வந்தார்கள். ஏழாயிரத்து முந்நூற்று அறுபது அடியும் மேகத்துக்குள் இருந்தது. ஆறேழு எட்டுக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. முப்பது பேரும் குளிரில் ஒடுங்கி, புவியியல் மாஸ்டரைச் சுற்றி நின்றார்கள்.

"மச்சான், நம்மட ஊர் எந்தப் பக்கம்?" என்றார் றஸாக்.

காலிதீன் மேகத்தைப் பார்த்தார். ஒரு பக்கமாக விரலை நீட்டினார். முப்பது தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. ஓம், ஓம் என்றார்கள். கடல் மினுங்குவது தனக்குத் தெரிகிறது என்று சபியா உம்மா சொன்னார். யாரும் தாள் கேட்கவில்லை, சாட்சி கேட்கவில்லை.

ஸாலிஹா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அதுவா கெழக்கு?" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

"தெரியா. மேகத்துக்க எல்லாப் பக்கமும் ஒண்டுதான்."

"அப்ப ஏன் காட்டினீங்க?"

"கேட்டாங்களே."

ஸாலிஹா சிரிப்பை முக்காட்டுக்குள் அடக்கிக்கொண்டாள். இவ்வளவு நேரமும் கையில் வைத்திருந்த தன் செருப்பை, அவருக்குப் பின்னால் போய் பேக்குக்குள் வைத்தாள். அந்தப் பாரமும் தோளுக்கு ஏறாமல், மற்றவர்களுடையதோடு அவருடைய இடுப்பிலேயே நின்றது.